மாப்ளே பருத்தி போடப் போறாராம்

வா மாப்ளே, குந்து. வேர்க்கடலைய விட்டுட்டுப் பருத்தி போடப் போறியாமே! ஆதோனிக்காரன் பஞ்சுக் குவியல் மேல நின்னு சிரிக்கிற வீடியோவ உன் போன்ல நானும் பாத்தேன். தாராளமா போடு. ஆடிப் பதினெட்டுக்கு வெதைச்சா 110, 120 நாள்ல காய் வெடிக்கும். விரல் விட்டு எண்ணு. எங்க வந்து நிக்குது? கார்த்திகை! நம்ம நகரி, புத்தூர் பக்கம் புயலு அழைக்காமலே விருந்துக்கு வர்ற மாசம்.

ஆதோனியில கரிசல் மண்ணு. தென்மேற்கு மழையில செடி வளரும், காய் வெடிக்கிறப்ப வானம் வெளுத்துக் கெடக்கும். நமக்கு அப்பத்தான் வானமே தொறக்குது. 2021 நவம்பர்ல சொர்ணமுகி பாலத்தையே அடிச்சிக்கினு போச்சே, ராயலசெருவு ஏரிக்கரை உடைஞ்சிடும்னு ஊர் ஊரா காலி பண்ணாங்களே, மறந்துட்டியா? அந்த மாதிரி மழையில நீ திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வா. வர்றதுக்குள்ள கயினியும் மொட்டையாயிருக்கும்.

ரெண்டு நாள் தண்ணி நின்னா போதும், சப்பையும் பூவும் கொட்டிடும். தப்பிச்ச காயப் பிரிச்சுப் பாரு, பஞ்சு கருத்து, உள்ளாறவே கொட்டை முளை விட்டிருக்கும். இந்தியப் பருத்திக் கழகத்துல 8 சதவீத ஈரம் வரைக்கும் முழு ஆதரவு விலை. 12 தாண்டினா தொடவே மாட்டாங்க. ஆனா உனக்கென்ன, தலையணை தைச்சுக்கலாம்.

புத்திசாலிங்க வெதைக்கிற நாள மொதல்ல பாக்க மாட்டாங்க, எடுக்கிற நாளப் பாப்பாங்க. கோவில்பட்டிக்காரங்க ஐப்பசி மழையில செடிய வளத்து, மாசி பங்குனி வெயில்ல பஞ்சு எடுக்குறாங்க. அவங்களுக்கு ஈரம் தாங்குற கரிசல் இருக்கு. நம்ம செகப்பு மண்ணுக்குத் திருவாரூர் கணக்குதான் சரி. சம்பா அறுத்ததும் மாசியில வெதைச்சு, ஆனி ஆடிக்குள்ள எடுத்து முடிச்சுடுவாங்க. கெணத்துல தண்ணி இருந்தா நீயும் செய். கோடை மழை ஒண்ணு ரெண்டு வரும். அதுக்குப் பார் பிடிச்சு மேட்டுல நடு, ஓரத்துல வடிகால் வெட்டு.

ஆடியிலதான் போடுவேன்னு புடிவாதமா? போடு மாப்ளே. ஆனா வடிகாலத் தெக்கால திருப்பிக்கோ. கீழாண்ட இருக்குறது என் கயினி. அதான் இவ்ளோ அக்கறையா சொல்லிக்கினு இருக்கேன்.