டெம்பரேச்சர் சார்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் பெரும்பாலும் பெண் வீடா, பிள்ளை வீடா என்று விசாரிப்பார்கள். டெம்பரேச்சர் சார் உட்கார்ந்தால், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே, "உங்க சிஸ்டம் ஃபுல் லோடுல எத்தனை டிகிரி போகுது?" என்பார். தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர் முகத்தில் பரிதாபம் படரும். தன் பிராசசர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷனுக்கு அப்பளம் எப்படி இறங்குகிறது என்பது அவருக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

இந்தப் பெயரை வைத்தவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைப் பையன்கள். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. உத்தியோகம், ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அபார்ட்மெண்டுக்கு ஒருவராவது இந்த இனத்தில் தேறுவார். அடையாளம் சுலபம். கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி கழற்றப்பட்டு நிரந்தரமாகச் சுவரில் சாய்ந்திருக்கும். மானிட்டர் பக்கத்தில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் ரூம் தெர்மாமீட்டர் இருக்கும். சட்டைக் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருக்கும். அது தெர்மல் பேஸ்ட். எந்த சோப்புக்கும் போகாது.

அவருடைய பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600. கணக்குப்படி 65 வாட். வாங்கும்போதே கம்பெனிக்காரன் பெட்டிக்குள் ஒரு சின்ன கூலரையும் வைத்துத்தான் கொடுத்தான். அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "அது கூலர் இல்ல சார், மூடி" என்பார். இப்போது அந்த பிராசசர் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது ஆஸ்திரிய நாட்டு நோக்டுவா கம்பெனியின் என்எச்-டி15. 2014இல் வந்த மாடல். ஆறு ஹீட் பைப், இரண்டு அலுமினியக் கோபுரங்கள், இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன், உயரம் 165 மில்லிமீட்டர், ஃபேனோடு சேர்த்து எடை 1,320 கிராம். பிராசசர் அடியில் எங்கேயோ இருக்கிறது என்று நம்பிக்கை.

அந்த ஃபேன்களின் நிறம் உலகப் பிரசித்தம்: மங்கலான சந்தனமும் காப்பிக்கொட்டைப் பழுப்பும். பெட்டியைப் பிரித்த அன்று வீட்டம்மா கேட்டார்: "ஏங்க, இந்தக் கலர் வேண்டாம்னா மாத்தித் தர மாட்டாங்களா?"

"கலரைப் பாக்காதே. காத்தைப் பாரு."

2019இல் அதே கம்பெனி முழுக் கறுப்பிலும் கொண்டுவந்துவிட்டது. அதை மட்டும் அவர் தொடமாட்டார். கறுப்பில் வாங்கினால் என்ன வாங்கியிருக்கிறார் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை கிடையாது. பகலில் எக்செல், சாயங்காலம் யூடியூப், பரீட்சை சமயத்தில் பையனுடைய புராஜெக்ட். இதற்கெல்லாம் பிராசசர் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. வேலை இல்லையென்றால் சூடு இல்லை. சூடு இல்லையென்றால் கூலருக்குப் பெருமை இல்லை. ஆகவே சூட்டை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருப்பது பிரைம்95 என்ற மென்பொருள். பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய முயற்சிக்கு உழைக்கிற புரோகிராம் அது. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் அதை ஓட்டிக் கணிதத்துக்குத் தொண்டு செய்கிறார்கள். பிராசசரை அது பிழிந்தெடுப்பதைப் பார்த்து நம்மவர் இனம் அதை அடுப்பாக்கிக்கொண்டது.

"அப்பா, பகா எண் கிடைச்சுதா?" என்றான் பையன் ஒருநாள்.

"எண்ணு யாருக்கு வேணும்? எண்பதைத் தாண்டுச்சா, அதைப் பாரு."

டெஸ்ட் நடக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதம், அவர் விருப்பப்படி, மே. கத்திரி வெயிலில் தாக்குப்பிடிப்பதுதான் கூலர் என்பது கொள்கை. காலையிலேயே அறிவிப்பு வந்துவிடும்: ஹாலில் ஏசி கூடாது, சீலிங் ஃபேன் கூடாது, கதவைத் திறந்து மூடக் கூடாது. ரூம் டெம்பரேச்சர் ஆடாமல் நிற்க வேண்டுமாம். பனியனோடு உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கும் மாமனாருக்கு மேல்முறையீடு செய்யவும் உரிமையில்லை. பேப்பர் விசிறலும் காற்றோட்டத்தில் சேரும் என்பதால் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதில் பைத்தியக்காரத்தனம் இருக்கிறதே தவிர, தப்பு இல்லை. காற்றை நம்பி ஓடும் எந்த கூலரும் பிராசசரை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறையின் சூட்டுக்கு மேலே எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் அதற்கான மார்க். "வெளிநாட்டுக்காரன் 21 டிகிரி ரூம்ல உக்காந்து எழுபது காட்டுதுன்னு சொல்வான். நம்ம ஹால் 36. இங்க அதே கூலர் 85 காட்டும். ரெண்டும் ஒரே மார்க்தான். இது தெரியாம கடையில போய்ச் சண்டை போடுறான்" என்பார். நூற்றுக்கு நூறு சரி. அதற்காக மாமனார் வேகவேண்டுமா என்பதுதான் தனிக் கேள்வி.

அடுத்தது சத்தப் பரிசோதனை. செல்போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, கேபினட்டுக்கு ஒரு சாண் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதிலும் நியாயம் உண்டு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். "வெறிபிடிச்ச மாதிரி சுத்தினா எந்த ஃபேனும் குளிர வைக்கும். ரெண்டு கூலரையும் ஒரே சத்தத்துல ஓட விட்டு, எது கம்மியா காட்டுதுன்னு பாக்கணும். அதான் டெஸ்ட்." அவர் இப்படிச் சொல்லி முடிக்கும்போது அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். டெஸ்ட் முதலிலிருந்து தொடங்கும். மாடி வீட்டு மிக்ஸி, தெருவில் வெங்காய வண்டி மைக், பக்கத்துக் கோயில் ஸ்பீக்கர் என்று நகரமே கூடி அவருடைய ஆராய்ச்சிக்கு எதிராகச் சதி செய்யும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் ஒரு வழியாக முடிவு கிடைக்கும். போன மாதம் வாங்கிய கூலருக்கும் இந்த மாதம் வாங்கிய கூலருக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரி.

"ரெண்டு டிகிரியா?" என்பார் வீட்டம்மா.

"ரெண்டு டிகிரின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவருக்கும் தெரியாது, ஆனால் குரலில் அது தெரியாது.

கூலர்க்காரர்களில் இரண்டு கட்சிகள் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: காற்றுக் கட்சி, தண்ணீர்க் கட்சி. டெம்பரேச்சர் சார் காற்றுக் கட்சியின் வட்டச் செயலாளர் மாதிரி. தண்ணீர் கூலரில் பம்ப் உண்டு, ஒருநாள் நிற்கும். ரப்பர் குழாய் உண்டு, ஒருநாள் கசியும். காற்று கூலரில் ஃபேன் போனால் வேறு ஃபேன் மாட்டினால் போதும், மீதி வெறும் உலோகம் என்பது அவர் மேடைப் பேச்சு. ஒருநாள் மாமனாருக்கு ஹீட் பைப்பை விளக்கினார். தாமிரக் குழாயில் காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு, கொஞ்சூண்டு தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகும். ஆவி சூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே அலுமினியத் தகடுகளுக்கு ஓடும். அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் இருக்கிற நுண்துளைப் பூச்சு அதை உறிஞ்சிக் கீழே கொண்டுவந்து விடும்.

மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இதுக்குள்ளயும் தண்ணிதானே மாப்ளே இருக்கு?" என்றார்.

வட்டச் செயலாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அது வேற தண்ணி மாமா" என்றார்.

தெர்மல் பேஸ்டுக்கு வந்தால் அது கட்சியல்ல, சம்பிரதாயம். நடுவில் பட்டாணி அளவு வைக்கிறவர்கள் ஒரு பிரிவு. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுகிறவர்கள் ஒரு பிரிவு. பிளாஸ்டிக் கரண்டியால் ஒரே சீராகத் தடவுகிறவர்கள் ஒரு பிரிவு. பிரிவுகளுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பேஸ்ட் உண்மையில் சாதுவான பொருள். செம்பு சூட்டைக் கடத்துவதில் பேஸ்ட் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் காற்று அதைவிடப் பல மடங்கு மோசம். பிராசசருக்கும் கூலரின் அடித்தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்காமல் அடைப்பதற்குத்தான் பேஸ்ட். போதுமான அளவு வைத்து, எதிரெதிர் ஸ்க்ரூவை மாற்றி மாற்றி முடுக்கினால், அழுத்தத்தில் தானே பரவிவிடும். எந்தக் கோலம் போட்டாலும் முடிவு பெரிதாக மாறாது. இது டெம்பரேச்சர் சாருக்கும் தெரியும். தெரிந்தும், சரியாகப் பரவியிருக்கிறதா பார்க்கலாம் என்று கூலரைக் கழற்றுவார். கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். வைத்தால், சரியாகப் பரவியிருக்கிறதா என்ற சந்தேகம் வரும். வீட்டில் பற்பசை தீருவதற்குமுன் இது தீர்ந்துவிடும்.

கண்ணாடி ஏன் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று கேட்கவில்லையே நீங்கள்? அவர் வாங்கிய ரேம் தலையில் விளக்கு வைத்த உயரமான ரகம். முன்பக்க ஃபேன் அதில் முட்டியது. ஃபேனை மேலே தூக்கி மாட்டினார். இப்போது கண்ணாடி மூடவில்லை. "திறந்திருந்தா காத்தோட்டம் நல்லாருக்கும்" என்று அதையும் கொள்கையாக்கிவிட்டார். காற்றோட்டத்தோடு ஒரு பல்லியும் உள்ளே குடிவந்தது. அது தங்கத் தேர்ந்தெடுத்த இடம் கூலரல்ல, பக்கத்தில் கதகதப்பாக இருந்த பவர் சப்ளை. கூலரின் திறமைக்கு இதைவிட நடுநிலையான சான்று எது என்று அவர் கேட்டார்.

இவ்வளவு படித்தபின் இவர் உபயோகமற்ற மனிதர் என்று தோன்றும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை இவரைப் பார்த்தால் எண்ணம் மாறும். ஒரு கல்லூரிப் பையன் கேம் விளையாடுவதற்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கிக்கொண்டிருந்தான். கவுண்டர்காரர் அவன் தலையில் மூன்று ஃபேன் தண்ணீர் கூலர் ஒன்றைக் கட்டப் பார்த்தார். பையன் பர்ஸை எடுத்துவிட்டான்.

"தம்பி, இது 120 வாட் சிப்பு. கேமுக்கு அவ்வளவுகூட இழுக்காது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கேளு. அதுலயும் ஆறு ஹீட் பைப், ரெண்டு ஃபேன். உயரம் 155தான், உன் கேபினட்டுல மூடும்."

"உங்ககிட்ட இருக்கிறது எது சார்?"

"நோக்டுவா."

"அதைவிட இது நல்லதா?"

இங்கேதான் மனுஷன் நின்றார். எச்சில் விழுங்கிவிட்டு, உண்மையைச் சொன்னார்: "சில டிகிரிதான் வித்தியாசம். விலை பாதிகூட இல்ல."

"அப்ப 14900கே வாங்கியிருந்தா?"

"அது 253 வாட் வரைக்கும் இழுக்கும். அதுக்கு நானே தண்ணிக்கு ஓட்டுப் போடுவேன்."

கவுண்டர்காரர் அவரை அன்று பார்த்த பார்வையில் ஹீட் பைப் தண்ணீரே கொதித்திருக்கும். பையன் மிச்சமான பணத்தில் பெரிய எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டில் அவரை மடக்க முடிந்த ஒரே ஆள் வீட்டம்மா. ஒரு மே ஞாயிறு டெஸ்ட் முடிந்து, ஏசி போட அனுமதி வந்தபிறகு கேட்டார்: "ஏங்க, இந்தக் கூலர் நல்ல கூலர்னா, அந்த சூடெல்லாம் எங்கங்க போகுது?"

"ஃபேன் வெளிய தள்ளிடும்."

"வெளியன்னா?"

"கேபினட்டுக்கு வெளிய."

"அதாவது ஹாலுக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எந்தக் கூலரும் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றத்தான் செய்கிறது. பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறதோ அத்தனையும் கடைசியில் அறைக்குத்தான் வந்து சேரும். ஆஸ்திரிய கூலர் போட்டாலும் அதேதான், பெட்டியில் வந்த மூடியைப் போட்டாலும் அதேதான். ஒரு நாள் முழுக்கக் குடும்பத்தை வேகவைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதை அந்த அம்மாள் மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆகவே வாசகர்களுக்கு என் தீர்ப்பு: டெம்பரேச்சர் சார் அளப்பதை நம்புங்கள், வாங்குவதைப் பின்பற்றாதீர்கள். உங்களுடையது 65 வாட் பிராசசர், பெட்டியிலேயே கூலர் வந்திருக்கிறது, வேலை எக்செல்தான் என்றால் அதுவே போதும். பெரியது வாங்கித்தான் தீருவேன் என்றால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கூலர் பொருந்தும் என்று கேபினட் விவரத்தில் போட்டிருப்பதை முதலில் படியுங்கள். பூட்டும் முன் அடித்தகட்டில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். மிச்சப் பணத்தில் மாமனார் உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு நல்ல ஃபேனாகப் பார்த்து மாட்டுங்கள்.