ஏழரை லட்சத்துக்கு மேல்

மெக்கானிக்கல் முடித்த கையோடு மகன், "அமெரிக்காவுல எம்.எஸ். பண்ணப் போறேன்ப்பா" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. சரி என்று சொல்லப் பணமில்லை.

உள்ளூரிலேயே வழி இல்லாமல் இல்லை. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். படிக்கிறவனுக்கு அரசாங்கமே பணம் தருகிறது என்று எடுத்துச் சொன்னேன். "அது ரொம்பக் கஷ்டம்ப்பா" என்றான். யாருக்குக் கஷ்டம் என்பதை இருவரும் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பெண் ஜெர்மனிக்குப் போகிறாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். மாதம் 992 யூரோவுக்கு மேல் அவளே கேட்டாலும் வராது. அவள் அப்பாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், மூத்த மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு கணக்குத் திறக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காக்காரன் பூட்டச் சொல்வதில்லை, காட்டச் சொல்கிறான். முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை அனுப்பும். பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போடுவதுபோல, யாரிடமாவது வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்றார் மைத்துனர். அவர் போடுவாரா என்று கேட்டதும் அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மிச்சம் வங்கிதான். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை ஈடாகச் சொத்து கேட்பதில்லை. ஏழரையைத் தாண்டினால் சொத்து. ஏழரை என்ற எண்ணை நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சனி பகவானாவது பிடித்தால் ஏழரை ஆண்டில் விட்டுவிடுவார்.

சொத்து என்று இருப்பது குடியிருக்கும் வீடு. பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் கொண்டுபோனேன். வங்கியின் வழக்கறிஞர் எதையும் பார்க்காமல், "தாய்ப்பத்திரம் எங்கே?" என்றார். அதைத் தேடி எடுத்தால், மனை தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா உயில் எழுதவில்லை. எழுதாமல் விட்டது மட்டுமல்ல, அப்பாவோடு மூன்று அத்தைகளையும் விட்டுப் போயிருந்தார். மூவரும் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பெரியத்தை போட்டுவிட்டாள். சின்னத்தையும் சரி. நடு அத்தை மட்டும் காபியைக் குடித்துவிட்டு, "இவன் காதுகுத்துக்கு என்னைய முறையாக் கூப்பிட்டியாடா?" என்று ஆரம்பித்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய காதுகுத்து. அமெரிக்கத் தூதரக அதிகாரிகூட அவனை இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. பட்டுப்புடவையோடு விவகாரம் முடிந்தது. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று வங்கியில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து வீட்டை மதிப்பிட ஒரு பொறியாளர் வந்தார். சுவரைத் தட்டி, கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று தேய்மானம் கழித்தார். அவரும் எம்.இ.தானாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "அரசாங்கக் காலேஜ் சார், வீட்டை அடமானம் வைக்கலை" என்றார்.

கடன் கிடைத்துவிட்டது. மகன் முதுநிலைப் பட்டம் வாங்கப் போகிறான். எனக்குக் கூட்டுக் கடன்தாரர் என்ற பட்டத்தை வங்கி இப்போதே கொடுத்துவிட்டது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டிக்கு அந்த விடுமுறை கிடையாது, அது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறது. முன்பெல்லாம் காலையில் ராசிபலன் பார்ப்பேன், இப்போது டாலர் விலை. கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு வார்த்தை. கோச்சிங் வகுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அத்தைமாரை விசேஷங்களுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள்.