குறட்டை விடுபவர் தூங்குகிறாரா?

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும், பகல் ஷிஃப்டில் லேத் மெஷின் முன் நின்றபடியே கண் சொக்குகிறது. குறட்டை என்று வீட்டில் புகார் வேறு. தூக்கத்தை விரட்ட மாத்திரை உண்டா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: எட்டு மணி நேரம் படுத்தீர்கள், சரி. எவ்வளவு தூங்கினீர்கள் என்பது உங்கள் மனைவிக்குத்தான் தெரியும். குறட்டை சட்டென நின்று, சில விநாடி அமைதி, பிறகு திணறலோடு ஒரு மூச்சு வருகிறதா என்று அவரைக் கேளுங்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்போதெல்லாம் மூளை உங்களை அரைகுறையாக எழுப்புகிறது. தூக்க ஆய்வில் இந்த அடைப்பு மணிக்கு 30 முறையைத் தொட்டால், தூக்க மூச்சுத்தடை நோய் தீவிரம். முக்கிய சிகிச்சை, காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்துவைக்கும் சீபேப் கருவி. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் தந்தது. மாஸ்க்கும் குழாயும் தும்பிக்கை போலிருக்கும். பிள்ளையாருக்கு அதனால் அழகு குறைந்ததா என்ன?

கேள்வி: கருவி மாட்டியும் பகலில் தூக்கம் வந்தால்?
- வாசகி, ஆவடி

பதில்: இரவு முழுக்க மாட்டினீர்களா, மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று முதலில் பாருங்கள். தைராய்டு, மனச்சோர்வு, சளி மாத்திரைகூடக் காரணமாகலாம். அதன் பிறகும் நீடித்தால் மருத்துவர் மோடஃபினில் போன்ற மாத்திரை தரக்கூடும். அது கண்ணைத் திறக்கும், தொண்டையைத் திறக்காது. ஆகவே கருவியை விடக்கூடாது. எடை குறைந்தால் அடைப்பும் குறையும். பகல் தூக்கம் நிற்கும்வரை சி.டி.எச். சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். மின்சார ரயிலில் தூங்கினால் ஸ்டேஷன் மட்டும்தான் தவறும்.