ஆக்லாந்தில் பைக் வாங்கலாமா?

கேள்வி: வேலைக்காக ஆக்லாந்து வந்திருக்கிறேன். பைக் வாங்க ஆசை. மனைவியோ வேண்டவே வேண்டாம் என்கிறார். உங்கள் தீர்ப்பு?

பதில்: வாங்குங்கள். சென்னையில் பிறந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இங்கேயும் ஓடுகிறது, நம்மைப் போலவே இடது பக்கமாக! லேர்னர் லைசென்ஸிலேயே ஓட்டலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை கூடாது. பின்னால் யாரையும் ஏற்றவும் கூடாது. வீட்டில் எதிர்ப்பு வருவது இதனால்தானோ?

காலை நெரிசலில் கார்கள் நகராமல் நிற்க, தடை போர்டு இல்லாத பஸ் லேனில் நீங்கள் சட்டப்படியே போகலாம். அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது.

ஹார்பர் பாலத்தில் மட்டும் வீரம் வேண்டாம். 2020 செப்டம்பரில் அங்கே வீசிய சூறைக்காற்று ஒரு லாரியையே தள்ளிப் பாலத்தின் இரும்புத் தூணில் மோதவைத்தது. லாரிக்கே அந்தக் கதி! காற்று எச்சரிக்கை வந்தால் 16, 18ஆம் எண் நெடுஞ்சாலைகளில் சுற்றிப் போங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், சந்திப்பில் எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார். ஓட்டுநர் உங்களைத்தான் பார்க்கிறார் என்று நம்பாதீர்கள். அவருடைய முன்சக்கரத்தைப் பாருங்கள். அது அசைந்ததுமே வேகத்தைக் குறையுங்கள். மழையில் சாலையின் வெள்ளைக் கோடுகள் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். ஹெல்மெட்டோடு நல்ல கையுறையும் ஜாக்கெட்டும் வாங்குங்கள், வண்டிக்கு முன்பே. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மனைவியிடமே விடுங்கள்.