கசிந்த தாளும் காயாத மையும்

2017 ஏப்ரலில், அன்றைய சுகாதார அமைச்சர், விராலிமலை எம்.எல்.ஏ. விஜயபாஸ்கரின் வீடுகளில் வருமான வரிச் சோதனை. சென்னை முதல் இலுப்பூர் வரை. இரண்டொரு நாளில் டி.வி.யில் ஒரு தாள் கசிந்தது: ஆர்.கே.நகர் வாக்காளர்களுக்கு 89 கோடி ரூபாயாம், யார் யார் பொறுப்பு என்ற பட்டியலோடு. அமைச்சர் மறுத்தார். தேர்தல் ஆணையம் அங்கு நடக்கவிருந்த இடைத்தேர்தலையே ரத்து செய்தது. (இவ்வளவு சுத்தமான கணக்கு நம் ஊர்த் திருவிழாக் கமிட்டியிடம்கூடக் கிடையாது.)

டிசம்பரில் மறுதேர்தல், சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் வென்றார். 2021-இல் விராலிமலை மறுபடி விஜயபாஸ்கரையே அனுப்பியது. "பழைய கதையை ஏன் கிளறுறீங்க?" என்கிறார்கள். தாளைக் கசியவிட்டது யார் என்று துருவியவர்களுக்கு, அதிலிருந்த கணக்கு யாருடையது என்பதில் அத்தனை அக்கறை இல்லை. அடுத்து எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும், டீ கொடுத்து உட்காரவைத்து அதையே முதலில் கேளுங்கள்.