சருகைக் கொட்டிக் கூட்டு கண்ணு

விருது வேணும்னா மொதல்ல பேனர் அடிச்சிரு கண்ணு. மம்பட்டி பொறகால வாங்கிக்கலாம். வாங்காட்டியும் ஒண்ணும் கொறஞ்சு போயராது. மம்பட்டி எங்கேன்னு எந்தக் கமிட்டியாச்சும் கேட்டு நீ பாத்திருக்கறயா? பேனர் இல்லாத போட்டோவைத்தான் செல்லாதுன்னு தள்ளுவாங்க.

சிரிக்காத. உன்னையாட்டப் பசங்க கேம்புக்கு வர்றதப் பாத்துப் பாத்துத்தான் என்ற தலை நரைச்சுது. எங்க ஊரை மூணு காலேஜு தத்தெடுத்திருக்குது. எங்களை ஒரு வார்த்தை ஆருங் கேக்கலை. 2014-ல உன்னத பாரத் அபியான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல சேந்த காலேஜு ஒவ்வொண்ணும் அஞ்சு ஊரையாச்சும் எடுத்துக்கோணுமாம். எடுக்கறவன் எந்த ஊரை எடுப்பான்? டீக்கடை இருக்கோணும், காலேஜு பஸ் வந்து திரும்ப எடம் இருக்கோணும். மலை மேல ரோடு இல்லாமக் கெடக்கறவனை ஆரு சாமி தத்தெடுப்பா?

கேம்பு நடத்தற என்.எஸ்.எஸ்., அதான் நாட்டு நலப்பணித் திட்டம், அதோட கதை எனக்கு மனப்பாடம். வருசா வருசம் மாரியாத்தா கோயில் முன்னால எங்களை ஒக்கார வெச்சு மைக்குல சொல்லீர்றாங்களே! காந்தி நூற்றாண்டு வருசம், 1969 செப்டம்பர் 24-ந் தேதி, 37 பல்கலைக்கழகத்துல 40,000 பசங்களோட ஆரம்பிச்சது. ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் தொண்டு செய்யோணும், ஊருக்குள்ள வந்து ஏழு நாள் தங்கோணும். 'எனக்காக அல்ல, உனக்காக'ங்கறது கொள்கை. நல்ல கொள்கைதான், நான் கொறை சொல்லமாட்டேன். சட்டையில குத்தற பேட்ஜுல கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம். அதுல எட்டு ஆரக்கால். இருபத்துநாலு மணி நேரமும் தொண்டுக்குத் தயார்னு அதுக்கு அர்த்தமாம். கேம்புல ஒம்பது மணிக்கு மேலதான் கண்ணே தொறக்கறாங்க, அது வேற.

போன கேம்புல ஒரு கூத்து. பிரின்சிபால் வர்றாருன்னு தெரிஞ்சு, பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர் பொம்பளைங்க முந்தின நாளே வீதியைப் பளிச்சுனு கூட்டிட்டுப் போயிட்டாங்க. விடிஞ்சா பசங்க புதுத் தொடப்பத்தோட வரிசையா நிக்கறாங்க. கூட்டறதுக்குக் குப்பை இல்லை! எருக்குழிக்குன்னு நான் வேப்பஞ்சருகு ரெண்டு சாக்கு கட்டி வெச்சிருந்தேன். "தாத்தா, சித்த குடுங்க, திருப்பிக் குடுத்தர்றோம்"னு ஒருத்தன் வந்தான். கொட்டினாங்க, பரத்தினாங்க, குனிஞ்சு கூட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. முடிச்சுப் போட்டு மறுபடியும் சாக்குல அள்ளிக் குடுத்துட்டாங்க. நேர்மையான பசங்க, ஒரு எலை கொறையலை.

அந்தப் போட்டோவுக்கு அடியில அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் தானா விழுந்திருந்துது. ஜியோ டேக்காம். எங்க வேப்பமரம் எந்த ரேகையில நிக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நாக் கமிட்டி வந்தா இதைத்தான் காட்டோணும்னாங்க. பெங்களூருல 1994-ல ஆரம்பிச்ச ஆபீசு அது. காலேஜுக்குத் தரம் போடறது அவங்க வேலை. வெளியில தொண்டு செஞ்சு எத்தனை விருது வாங்கினீங்கன்னு ஒரு கேள்வியும் வெச்சுட்டாங்க. வெச்சா என்ன ஆகும்? காளையை உட்டுட்டு மூக்கணாங்கயித்துக்கு வெலை பேசற சந்தையாட்டம் ஆயிருச்சு.

உங்க காலேஜு ஆண்டு விழா விருதுக்கு நீயே விண்ணப்பம் போடோணுமாமே? 'நான் தன்னலமில்லாதவன்'னு நானே ரெண்டு பக்கம் எழுதறது எப்படீன்னுதான் எனக்குப் புரியலை. என்ற பேரன் அதுலயும் கெட்டிக்காரன். அவனுது சுற்றுச்சூழல் மன்றம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர். அப்பறம் உறுப்பினர் எத்தனை பேருடான்னேன். "அவ்வளவுதான் தாத்தா"ங்கறான்! அத்தனை தலைவரும் நின்னா கல்லை ஆரு தூக்கறது? விருது வாங்கின அன்னைக்கு 'பணிவோடு அறிவிக்கிறேன்'னு போன்ல போட்டிருந்தான். பணிவா இருக்கறவன் எதுக்குடா அறிவிக்கோணும்?

எல்லாரையும் ஒரே தராசுல நிறுக்கறேன்னு நெனைக்காத. 1993-94-ல ஆரம்பிச்ச என்.எஸ்.எஸ். விருதுன்னு ஒண்ணு இருக்குது. நாடு முச்சூடும் தேடி முப்பது தொண்டர்களுக்கு வெள்ளிப் பதக்கமும் ஒரு லட்சமும் தர்றாங்க. ஜனாதிபதி கையால வாங்கறான். அது வரைக்கும் போறவன் எங்கியோ வேர்வை சிந்தித்தான் இருப்பான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுத் தென்னையெல்லாம் சாஞ்சு கெடந்தப்ப, லாரி ஏறிப் போன பசங்க நம்ம பக்கமும் உண்டு. மரம் அறுத்து வழி தொறந்துட்டு வந்தாங்க. போட்டோ எங்கடான்னு கேட்டா, "கரண்டே இல்லீங்க, போன் செத்துக் கெடந்துது"ங்கறாங்க. அவனுக்கெல்லாம் எந்த ரேகையை வெச்சு விருது குடுப்பே?

சருகு கூட்டின அந்தக் கேம்புலயே ஒரு அம்மிணி வந்திருந்துது. பேசவே பேசாது. கெழக்கு வளவு ஆத்தாளுக்கு ரேசன் கடை மெசின்ல கைரேகை விழாது. ஆயுசு பூராக் களை வெட்டின வெரலு, தேஞ்சு வழுவழுன்னு இருக்கும். எல்லாரும் வீதியில சருகு கூட்டிட்டிருந்த நேரத்துல, இந்தப் புள்ளை ஆத்தாளைக் கூட்டிட்டு ரெண்டு பஸ் மாறி ஆதார் மையத்துக்குப் போச்சு. டோக்கன் வாங்கி, வரிசையில நின்னு, ஆத்தா வெரலைத் தண்ணி தொட்டுத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சு, ரேகையும் கருவிழியும் புதுசாப் பதிஞ்சு கூட்டியாந்துது. பொழுதோடதான் வந்தாங்க. குரூப் போட்டோவுல அந்தப் புள்ளை இல்லை. வருகைப் பதிவுலயும் அன்னைக்கு ஆப்சென்ட்டாம்! ஆத்தா இன்னைக்கும் அரிசி வாங்கறா. அந்தப் புள்ளை பேரென்னன்னுதான் அவளுக்குத் தெரியலை.

சரி, நீ கொண்டாந்த காகிதத்தைக் காட்டு. 'பயனாளி கருத்து'. அட, என்ற கருத்தை நீயே டைப் அடிச்சுக் கொண்டாந்துட்டயா? 'இந்த முகாமால் எங்கள் கிராமம் பெரும் மாற்றம் கண்டது.' என்ன மாறிச்சுன்னு ஒரு வரி சேத்தியிருக்கலாம். போகுது, போட்டுத் தர்றேன், பேனாவை எடு. கையெழுத்துக்கு முந்தி ஒரு சின்னத் தொண்டு. பொடக்காணி மேல மூணு ஓடு ஒடைஞ்சு கெடக்குது, மழை வந்தா தண்ணி ஒழுகுது. ஏணி கட்டுத்தறிக்குப் பின்னால சாத்தியிருக்குது. பேனரை இங்கயே வெச்சுட்டுப் போ, அதைப் புடிச்சுட்டு ஏணி ஏற முடியாது.