வளையாத குச்சியின் வழக்கு

பேர் குறிஞ்சிப்பாடி. மலையைத் தேடினால் கழுத்துதான் வலிக்கும். சுற்றிலும் வயல், ஏரி, கைலி நெய்யும் தறிச்சத்தம். ஒன்று இருக்கிற இடத்தை விட்டு வேறு இடத்தில் தெரிவதைப் பற்றி எழுத இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. வெளிச்சமும் தண்ணீரும் என்று பேச்செடுத்தாலே இந்தப் பக்கத்து ஆள் கருங்குழிக்குப் போய்விடுவார். வள்ளலார் அங்கே தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. அது அருள் விவகாரம், நம் கைக்கு எட்டாது. நம்முடையது வெறும் குச்சி விவகாரம்.

பெருமாள் ஏரிக்கரையில் நின்று ஒரு குச்சியைச் சாய்த்துத் தண்ணீருக்குள் விடுங்கள். (நெய்வேலிச் சுரங்கத்துத் தண்ணீரும் வந்து சேரும் ஏரி. தெளிந்த நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.) நீர்மட்டத்தில் குச்சி ஒடிந்த மாதிரியும், முங்கிய பாதி மேலே தூக்கிய மாதிரியும் தெரியும். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல நேராக இருக்கும். ஈட்டியால் மீன் குத்துகிறவரிடம் கேட்டால், "தெரியற எடத்துக்குக் கீழ குத்து தம்பி" என்பார். வழக்கு முடிந்தது. படித்தவர்கள் கைக்குப் போனதால்தான் அதே வழக்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் வாய்தா வாங்கியது.

கிரேக்க நாட்டு ஐயவாதிகள் இதில் ஒரு பெரிய தத்துவத்தையே கண்டெடுத்தார்கள். துடுப்பு வளைந்து தெரிகிறது, ஆகவே கண் பொய் சொல்கிறது, ஆகவே எதையும் நம்பாதே. படகுக்காரர் கூலி கேட்டபோதும் இதையே சொன்னார்களா தெரியாது. 386-ஆம் ஆண்டு வாக்கில் அகஸ்டீன் என்ற பாதிரியார் (அப்போது இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை) ஒரு போடு போட்டார்: தண்ணீருக்குள் துடுப்பு நேராகத் தெரிந்தால்தான் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்று. நம் ஊர்ப் பஞ்சாயத்தாக இருந்தால் அன்றைக்கே எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

அதற்கும் இருநூறு வருஷம் முன்பே அலெக்சாண்டிரியாவில் தாலமி என்ற வானியலாளர் ஒரு வெண்கலத் தட்டில் பாகை கீறி, பாதியைத் தண்ணீரில் முக்கி, வெளிச்சம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்திருந்தார். பத்து பத்துப் பாகையாகச் சாய்த்ததில் அவருக்குக் கிடைத்த விலகுகோணங்கள்: 8, 15.5, 22.5, 29, 35, 40.5, 45.5, 50. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 7.5, 7, 6.5, 6, 5.5, 5, 4.5. அரை அரையாகக் குறைகிறது, பாவு பிடித்த மாதிரி ஒழுங்கு! எந்தத் தண்ணீரும் எந்தக் காலத்திலும் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டதில்லை. பிராக்டிகல் பரீட்சையில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பிறகு நிரப்புகிற பிளஸ் டூ பையனுக்கு இவர்தான் மூத்த முன்னோர். நியாயமாகச் சொன்னால், 60 பாகைக்கு அவர் எழுதியது அச்சு அசலாகச் சரி. 80-இல்தான் குட்டு உடைகிறது. அங்கே 48-க்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும், இவர் 50 என்று ரவுண்டாகப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பிறகு வழக்கு பாக்தாதுக்கு மாறியது. அங்கே 984 வாக்கில் இப்னு சஹ்ல் என்பவர் வெயிலைக் குவித்து எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றி எழுதும்போது, வெளிச்சம் எவ்வளவு விலகும் என்பதற்கான சரியான விதியையே போகிறபோக்கில் வரைந்து வைத்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அவர் சுவடியில் ஒரு பங்கு டமாஸ்கஸிலும் ஒரு பங்கு டெஹ்ரானிலும் கிடந்தது. ரோஷ்டி ராஷித் என்ற ஆய்வாளர் இரண்டையும் சேர்த்துப் படித்து உலகத்துக்குச் சொன்னது 1990-இல். நம் ஊர் பாகப்பிரிவினைப் பத்திரங்கள்கூட இதைவிடச் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

அவருக்குப் பின்னால் வந்த இப்னு அல்-ஹைதம் நைல் நதியையே அடக்கிக் காட்டுகிறேன் என்று வாய்விட்டு, நேரில் போய்ப் பார்த்து மிரண்டு, கலீபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம் போல நடித்தார் என்று கதை. வீட்டுக்காவலில் கிடைத்த ஓய்வில்தான் ஒளியியலுக்கு ஏழு பாகத்தில் புத்தகம் எழுதினாராம். ஏழு பாகத்திலும் அந்த விதி மட்டும் இல்லை.

ஐரோப்பாவில் முதலில் அதைப் பிடித்தவர் தாமஸ் ஹாரியட் என்ற இங்கிலாந்துக்காரர், 1602 வாக்கில். பிடித்தார், மூடி வைத்தார். விதி தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வானியலாளர் கெப்ளர் 1606-இல் கடிதம் போட்டுக் கேட்டார். ஹாரியட் அளவுகளை அனுப்பினார், விதியை அனுப்பவில்லை. சிதம்பர ரகசியத்துக்காவது தீட்சிதர் திரையை விலக்கிக் காட்டுவார். இந்த மனுஷன் 1621-இல் திரையோடு போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் லைடன் நகரத்தில் ஸ்நெல் என்ற கணிதப் பேராசிரியர் அதே விதியைக் கண்டுபிடித்தார். அவரும் அச்சிடவில்லை, 1626-இல் காலமானார். கடைசியில் 1637-இல் டெகார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி அதை அச்சேற்றினார். ஸ்நெல்லின் பேரை மருந்துக்கும் சொல்லவில்லை. பிற்பாடு ஸ்நெல்லின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி, டெகார்ட்டும் அதைப் பார்த்திருப்பாரோ என்று கொளுத்திப் போட்டார். பிரான்ஸில் இன்றும் அது டெகார்ட் விதி, மற்ற ஊர்களில் ஸ்நெல் விதி.

டெகார்ட்டுக்கு விதி சரி, விளக்கம்தான் சறுக்கல். பந்து, மட்டை என்று உவமை சொல்லி, வெளிச்சம் காற்றைவிடத் தண்ணீரில் வேகமாகப் போகும் என்று முடித்தார். தண்ணீருக்குள் ஓடிப் பார்த்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ஃபெர்மா என்ற நீதிமன்ற அதிகாரி 1662-இல் நேர்மாறாகச் சொன்னார்: தண்ணீரில் வெளிச்சம் மெதுவாகப் போகும், ஆகவே மொத்த நேரம் குறைகிற பாதையைப் பிடிக்கும். சேற்று வயலுக்கு நடுவில் மாடு மாட்டிக்கொண்டால் நம் ஆள் நேர்கோட்டிலா ஓடுகிறார்? வரப்பில் கூடுதலாக ஓடி, சேற்றில் குறைவாக இறங்குவார். அதேதான். டெகார்ட் கட்சிக்காரர்களுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சீக்கிரமான வழி எது என்று வெளிச்சத்துக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்றார்கள். கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் தோற்கப்போகிற கட்சியின் கேள்வி. 1850-இல் பாரிஸில் ஃபூக்கோ என்ற இயற்பியலாளர் சுழலும் கண்ணாடியை வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்: தண்ணீரில் வெளிச்சம் மெதுவாகத்தான் போகிறது. காற்றில் போகிற வேகத்தில் கிட்டத்தட்ட முக்கால்.

அந்த முக்கால்தான் ஏரிக்கரையில் நம் காலை வாருகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக. நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. பெரியவர்களுக்கு மானம் போகிற அளவோடு நிற்கும். இடுப்பளவுதானே என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கியவர் மார்பளவு தண்ணீரில் நிற்பார், சட்டைப்பையில் பீடிக்கட்டு நனைந்துகொண்டிருக்கும். கரையில் இருப்பவர், "ஏன் மாமா, ஸ்நெல்லா டெகார்ட்டா?" என்றெல்லாம் கேட்க மாட்டார். "அங்க பள்ளம்னு சொன்னேன்ல," என்பார்.